நேற்று வந்திருக்க வேண்டும்

கோடியக்கரைக்குப் போய்வந்த எரிச்சல் ஆறுவதற்குள் இதை எழுதி முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால், கடற்காற்று, அலையோசை, அந்தி வானம் என்று சாந்தமாக எதையாவது எழுதிவிடக்கூடிய அபாயம் இருக்கிறது; அப்படிச் சாந்தமாக எழுதப்பட்ட ஒரு கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் நான் அங்கே புறப்பட்டேன் என்பதால், இன்னொருவரைப் புறப்பட வைத்த பாவம் எனக்கு வேண்டாம். பூநாரை ஏன் ஒற்றைக் காலில் நிற்கிறது என்பது பற்றி, பறவை நூல் எதிலும் நான் பார்த்திராத ஓர் உண்மை அன்றைய தினம் எனக்குப் புலப்பட்டது; அதை வாசகர்களுக்குத் தெரிவிப்பதே இக்கட்டுரையின் பிரதான நோக்கம். ஆனால் எடுத்த எடுப்பில் சொன்னால் அதன் அருமை விளங்காது. ஆகவே புறப்பட்ட விருத்தாந்தத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பறவைப் படம் எடுக்கும் பழக்கமுள்ள அன்பர்களுக்கு நான் எதையும் விஸ்தாரமாக விளக்க வேண்டியதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு அலாரம் வைப்பதும், அது அடிப்பதற்கு முன் தாமாகவே விழித்துக்கொண்டு, வீட்டில் ஒருவருடைய தூக்கமும் கலையக் கூடாதே என்ற பெருந்தன்மையில் விளக்கைப் போடாமல் தட்டித் தடவி நடந்து, ட்ரைபாடைக் கொண்டுபோய்ச் சரியாக எவர்சில்வர் குடத்தின்மேல் சாய்ப்பதும், "காக்காயைப் படம் பிடிக்க இந்த நேரத்திலேயா?" என்ற கேள்வி உள்ளேயிருந்து கிளம்பி வருவதற்குள் வாசற்படியைத் தாண்டிவிடுவதும், மாற்று பாட்டரி பையில் இருக்கிறதா அல்லது சார்ஜரிலேயே இருக்கிறதா என்பதை நாற்பது கிலோமீட்டர் கடந்த பிறகு யோசிக்கத் தொடங்குவதும் நம் எல்லோருக்கும் பொதுவான சம்பிரதாயங்கள். இவற்றில் எதையும் நான் விட்டுவிடவில்லை.

என்னுடன் வந்தவர், வங்கி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற என் சிநேகிதர். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த தொகையில் ஒரு பகுதியைத் திருப்பதிக்கும், ஒரு பகுதியைப் பெண் வீட்டு மாடிக்கும், மிச்சத்தை 600 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றுக்கும் சமர்ப்பித்தவர். அந்த லென்ஸின் விலையில் ஒரு சைபரைத் தம் வீட்டில் அவர் இன்றுவரை சொல்லாமல் வைத்திருக்கிறார்; ஆதலால் அவருடைய பெயரை நான் வெளியிடுவதற்கில்லை. என்னுடையதும் அதே நீளந்தான். விலை சற்றுத் தணிந்தது. எடை மட்டும் இரண்டு கிலோ. மாரிக்காலத்தில் கோடியக்கரைக்கு வருகிற கொசு உள்ளான் என்னும் சின்னஞ்சிறு பறவையின் எடையோ சுமார் 25 கிராம் என்று நூல்கள் சொல்லுகின்றன. ஆகவே, எண்பது கொசு உள்ளான்களின் பாரமுள்ள ஒரு சாமானைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஒரே ஒரு கொசு உள்ளானைத் தேடி நான் காரில் போகிறேன். அதுவோ வடதுருவத்தை ஒட்டிய தூந்திரப் பிரதேசத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, பல ஆயிரம் கிலோமீட்டர் தன் சிறகாலேயே கடந்து, தோள்வலி என்று ஒரு வார்த்தை சொல்லாமல் வந்து இறங்குகிறது. இந்த ஏற்பாட்டில் எங்கேயோ ஒரு விகற்பம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதுண்டு. சிநேகிதரிடம் சொன்னேன். "அதுக்குத்தான் கார்பன் ஃபைபர் ட்ரைபாட் வாங்கணும்னு சொல்றேன்" என்றார்.

திருத்துறைப்பூண்டியில் தேநீருக்காக வண்டியை நிறுத்தினோம். இனி நான் சொல்லப்போவது கொஞ்சம் நீளும்; சாவகாசமில்லாதவர்கள் பூநாரைக்கு நேரே போய்விடலாம்.

தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தவர் எங்கள் பைகளைப் பார்த்தார். வேட்டைக்காரனையும் பறவைப் படக்காரனையும் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொள்ளும் சக்தி டெல்டா ஜில்லாத் தேநீர்க் கடைக்காரர்களுக்கு உண்டு. "கோடியக்கரைக்கா சார்?" என்றார். ஆமென்றோம். குவளையை உயரத் தூக்கி, ஒரு முழத் தேநீரை அந்தரத்தில் நிறுத்திவைத்துக்கொண்டே, "நேத்து போயிருக்கணும் சார். ஆயிரம் பட்சி நின்னுச்சாம்" என்றார்.

வேதாரண்யத்தில் இட்லி பரிமாறியவரும் அதையே சொன்னார். அவருடைய கணக்கில் அது பத்தாயிரமாக இருந்தது. அகஸ்தியம்பள்ளியில், உப்பளத்துக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவரை வழி கேட்பதற்காக நிறுத்தினோம், வழியைச் சொல்வதற்கு முன் அவர், "நேத்து வந்திருக்கணும். ஒரு லெச்சம் இருக்கும்" என்றார். கோடியக்கரைக் கடலோரத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர், எண்ணுகிற காரியத்தையே விட்டுவிட்டார். "நேத்து வானமே தெரியலய்யா" என்றார். ஊருக்கு ஊர் பத்து மடங்கு என்கிற வாய்ப்பாட்டை உத்தேசித்துப் பார்த்தால், இன்னும் ஒரே ஓர் ஊர் பாக்கியிருந்திருக்குமானால், 1945இல் கட்ச் ரண்ணில் சாலிம் அலி கணக்கிட்ட ஐந்து லட்சம் பூநாரைகளை நாங்கள் அநாயாசமாகத் தாண்டியிருப்போம். கோடியக்கரைக்கு அப்பால் கடல் இருந்துவிட்டது.

'நேற்று' என்பதைப் பற்றி நான் நெடுநாளாகச் சிந்தித்து வந்திருக்கிறேன். வேடந்தாங்கலில் கேட்டிருக்கிறேன், பழவேற்காட்டில் கேட்டிருக்கிறேன், கூந்தன்குளத்தில், பறவைகளோடு பறவைகளாகக் குடியிருக்கும் ஜனங்கள் வாயிலாகவும் கேட்டிருக்கிறேன். தமிழ் இலக்கணம் காலத்தை மூன்றாக வகுத்திருக்கிறது. பறவைகள் சரணாலயங்களைப் பொறுத்த மட்டில் நிகழ்காலம் அமலில் இல்லை. ஒன்று, நேற்று வந்திருக்க வேண்டும். அல்லது, அடுத்த வாரம் வர வேண்டும். இரண்டுக்கும் நடுவே, பெட்ரோல் போட்டுக்கொண்டு, விடுப்பெழுதிக்கொடுத்துவிட்டு, சேற்றில் நிற்கிற இந்த ஒரு தினம் மட்டும் சிருஷ்டியில் எதற்காக ஏற்பட்டது என்பது எனக்கு விளங்கவில்லை.

ஒரு முறை இந்த நேற்றை ஜயித்துவிட வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டு, ஒரு சரணாலயத்தின் அருகிலேயே இராத் தங்கிவிட்டேன். இன்றைக்கு இருந்துவிட்டால், நாளைக்கு வருகிறவனிடம் எல்லோரும் சொல்லப்போகிற 'நேற்று' நானிருந்த தினமாகத்தானே இருக்க வேண்டும் என்பது என் தர்க்கம். தர்க்கத்தில் ஒரு குற்றமும் இல்லை. மறுநாள் காலையில் படகுக்காரர் வந்து, "நேத்து சாயங்காலம் நீங்க கெளம்பிப் போனப்புறம் பாக்கணுமே!" என்றார். நேற்று என்பது ஒரு தினமல்ல, அது நான் இல்லாத எந்த நேரமும் என்று அப்போதுதான் தெரிந்தது.

இதிலும் கோடியக்கரையின் நேற்றுக்கு ஈடான நேற்றை நான் வேறெங்கும் கண்டதில்லை. மற்ற இடங்களில் நேற்று என்றால் நேற்றோடு நின்றுவிடும். இங்கே அது அடுக்கடுக்காகப் பூமிக்குள் இறங்குகிறது. மேலாக இருப்பது சாதாரண நேற்று. அதைக் கொஞ்சம் கிளறினால், "இந்த மழைக்கு முந்தி வந்திருக்கணும்" என்பது தட்டுப்படும். அதற்கும் கீழே, "கஜாவுக்கு முந்தி பாத்திருக்கணும் சார், அப்ப காடு காடா இருந்துச்சு" என்று, 2018 நவம்பரில் கஜா புயல் கரை கடந்த அந்த இரவுக்கு முந்திய நேற்று. அதையும் தோண்டினால், 2004 டிசம்பருக்கு முந்திய, சுனாமிக்கு முந்திய நேற்று. வலை பின்னிய பெரியவருக்கு இவை எதுவும் போதவில்லை. "எங்கப்பா காலத்துல" என்று ஆரம்பித்தார். நான் குறுக்கிட்டிராவிட்டால் ராஜாஜியின் யாத்திரையைத் தாண்டி, சோழர் காலத்துக் கலங்கரை விளக்கத்தின் உச்சியில் போய் உட்கார்ந்திருப்பார். பொன்னியின் செல்வனைப் படித்துவிட்டுப் பூங்குழலியை மனத்தில் வைத்துக்கொண்டு கோடிக்கரைக்கு வருகிறவர்களுக்கும் இதே கதிதான். அவர்கள் ஓர் ஆயிரம் வருஷம் தாமதமாக வந்து சேருகிறார்கள்.

ராஜாஜியைப் பற்றிச் சொன்னேன். 1930 ஏப்ரலில் அவர் திருச்சியிலிருந்து தொண்டர்களோடு கால்நடையாகவே புறப்பட்டு, வழியெல்லாம் அடக்குமுறையைச் சகித்துக்கொண்டு, அந்த மாதக் கடைசியில் இதே அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளினார். அன்றைக்கு அங்கே உப்பு இருந்தது. "நேத்து வந்திருக்கணும்" என்று அவரிடம் யாரும் சொன்னதாகச் சரித்திரத்தில் இல்லை. தேச சேவைக்கும் பறவைப் படத்துக்கும் உள்ள வித்தியாசம் இது ஒன்றுதானா என்று கேட்டால், எனக்குத் தெரிந்து பெரிய வித்தியாசம் இதுதான்.

நேற்றில் இன்னொரு வகையும் உண்டு. அதன் பெயர் 'இப்பத்தான்'. சதுப்பு நிலத்தை நோக்கிப் போகும் பாதையில் எதிரே வந்த இளைஞர் ஒருவர், நாங்கள் கேட்காமலே, "இப்பத்தான் சார் எல்லாம் எழும்பிப் போச்சு" என்றார். நேற்று என்று சொல்கிறவனிடம் எனக்கு மனஸ்தாபம் இல்லை. விதியின்மேல் பழியைப் போட்டுவிட்டு இட்லி சாப்பிடலாம். இப்பத்தான் என்று சொல்கிறவனோ, வேதாரண்யத்தில் நான் கேட்டு வாங்கிய இரண்டாவது காபியின்மேல் பழியைப் போடுகிறான்.

போகட்டும். கோடியக்கரையில் வெளிமான்கள் இருக்கின்றன. 1967இல் அந்த இடத்தைச் சரணாலயமாக அறிவித்ததே அவற்றுக்காகத்தான். 2002இல் ராம்சார் சாசனப்படி சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலையாகத் தமிழ்நாட்டிலிருந்து முதன்முதல் இடம்பெற்றதும் இதுவே. முறுக்கேறிய கொம்புகளோடு, முதுகு கறுத்து வயிறு வெளுத்த ஒரு கலைமான், காலை வெயில் பக்கவாட்டில் விழ, புல்வெளியில் எங்களுக்கு மிகச் சமீபத்தில் வந்து நின்றது. உலகத்தின் பல பாகங்களிலிருந்து ஜனங்கள் இதைப் பார்க்க வருகிறார்கள். என் சிநேகிதர், "இது வேற வழியை மறிச்சுக்கிட்டு" என்றார். நானும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பறவைக்காகப் போகிறவன் மானைப் பார்ப்பதில்லை. மானுக்காகப் போகிற தினத்தில் அவன் தலைக்குமேல் என்னென்ன பறக்கும் என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

சதுப்பில் பூநாரைகள் இருந்தன. இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும். வடகிழக்குப் பருவமழை அவ்வருஷம் தாராளமாகப் பெய்திருந்தபடியால் எங்கள் பக்கம் ஜலம் ஆழமாகக் கிடந்தது. தலையைக் கவிழ்த்து அலகை மேல்கீழாக வைத்துக்கொண்டு சேற்றுத் தண்ணீரை வடிகட்டித் தின்னும் அந்தப் பறவைக்குக் கணுக்கால் முழங்கால் ஆழம் உகந்ததாகையால், அவை எல்லாம் மறுகோடிக்குப் போய்விட்டன. அடிவானத்தை ஒட்டி வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு மெல்லிய கோடு; அவ்வளவுதான். சிநேகிதர் தூரத்தை ஒரு கிலோமீட்டர் என்று மதிப்பிட்டார். வங்கிக்காரர் அல்லவா, உடனே சேற்றில் நின்றபடியே கணக்கும் போட்டுவிட்டார். பூநாரையின் உயரம் ஏறக்குறைய 1.3 மீட்டர், ஒரு கிலோமீட்டர் தூரத்தில், 600 மில்லிமீட்டர் லென்ஸின் வழியாக, அதன் உருவம் காமிராவுக்குள் விழும் உயரம் 0.78 மில்லிமீட்டர். உள்ளே இருக்கும் சென்ஸாரின் உயரம் 24 மில்லிமீட்டர். சொல்லாமல் விட்ட சைபரையும் சேர்த்து அவர் கொடுத்த விலைக்கு, ஒரு மில்லிமீட்டர் பூநாரைகூடக் கிடைக்கவில்லை.

கிட்டப் போனால் என்ன என்றார். போனோம். நாங்கள் பத்தடி நடந்தால் அந்த ரோஜாக் கோடும் பத்தடி நடந்தது. பறந்து போனாலாவது பயந்துவிட்டது என்று கொள்ளலாம். ரோஷத்தோடு திரும்பி வரலாம். அவை பறக்கவில்லை, ஓடவில்லை, தின்பதைக்கூட நிறுத்தவில்லை. எங்களுக்கும் தங்களுக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம் இவ்வளவு என்று முன்னமே தீர்மானித்துக்கொண்டு, அதை ஓர் அங்குலம்கூடக் குறையாமல் காப்பாற்றின. இதற்கிடையில் சூரியன் ஏறி, ஈரச் சேற்றின்மேல் கானல் எழும்பத் தொடங்கிவிட்டது. நீண்ட லென்ஸ் பறவையைப் பெரிதாக்குகிறதோ இல்லையோ, கானலைப் பிரமாதமாகப் பெரிதாக்கும். கண்ணாடி வழியாகப் பார்த்தபோது ஒவ்வொரு பூநாரையும் இடுப்புக்குக் கீழே கரைந்து, கழுத்து தனியாக, உடம்பு தனியாக நடுங்கிக்கொண்டிருந்தது. கால்கள் ஒன்றா இரண்டா என்று சொல்ல முடியவில்லை. ஒற்றைக் கால் விஷயத்துக்கு நான் இன்னும் வரவில்லை என்பது நினைவிருக்கிறது.

சிறு பறவைகள் சமீபத்திலேயே இருந்தன. அவற்றைப் பற்றியும் எனக்கு ஓர் ஆட்சேபம் உண்டு. உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் வடக்கே முட்டையிடும் பருவத்தில், செங்கல் சிவப்பும் பொன்னிறமும் கறுப்புமாக அப்படி ஜொலிக்கும் என்று படங்களில் பார்த்திருக்கிறேன். அந்தப் பட்டுப்புடவையெல்லாம் சைபீரியாவிலேயே மடித்து வைக்கப்பட்டுவிடுகிறது. நம் ஊருக்கு வரும்போது சாயம் போன வீட்டுப்புடவைதான். முதுகு சாம்பல், வயிறு வெள்ளை, சேறும் சாம்பல், அன்றைய வானமும் ஏறக்குறைய சாம்பல். மூக்கு வளைந்த உள்ளான் எது, மற்ற உள்ளான் எது என்று தெரிந்துகொள்ள மூக்கைப் பார்க்க வேண்டும். மூக்கோ சேற்றுக்குள் இருக்கிறது. சிநேகிதர் நூலை விரித்துவைத்துக்கொண்டு ஒன்றுக்கு மூன்று பெயர் வைத்தார்; மூன்றும் பொருந்தின.

பவளக்காலிகள் மட்டும், நீண்ட சிவந்த கால்களும் கறுப்புச் சிறகுமாக, பார்த்த மாத்திரத்தில் அடையாளம் சொல்லும்படி, வரப்பின் மறுபுறத்தில் நல்ல வெளிச்சத்தில் நின்றன. நான் மெதுவாக மண்டியிட்டு, பிறகு குப்புறப் படுத்து, சட்டைப் பித்தான்களுக்கிடையில் உப்புத் தண்ணீர் ஏறுவதைப் பொருட்படுத்தாமல் முழங்கையால் ஊர்ந்து, லென்ஸைத் தூக்கி, மூச்சை அடக்கிய தருணத்தில், எங்கிருந்தோ ஓர் ஆட்காட்டி கிளம்பி, என் தலைக்குமேல் வட்டமிட்டுக்கொண்டு, ஜில்லா முழுதும் கேட்கும்படி என் வருகையை அறிவித்தது. அது அந்த ஊர்ப் பறவை. வருஷம் முழுவதும் இங்கேயே இருப்பது. விருந்தாளிகளாக வந்த உள்ளான்களும், கூடவே பவளக்காலிகளும், ஒரே வீச்சில் எழும்பிப் போயின. நான் எழுந்தபோது, சற்றுத் தள்ளி நண்டு பிடித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள், "ஏந்தம்பி விழுந்துட்டியளா?" என்று கேட்டார். ஆம் என்று சொல்லிவிடுவது சுலபமாக இருந்தது.

அன்று எனக்கு மெய்யாகவே கோபம் வந்த சமயம் ஒன்று உண்டு. அதை வேடிக்கையாக எழுத வரவில்லை. ஐந்தாறு பேர் கொண்ட ஒரு கோஷ்டி, எல்லோரும் புள்ளி புள்ளியாகப் பச்சைச் சட்டை அணிந்தவர்கள், நின்று தின்னும் பறவைகளை எடுத்துச் சலித்துப்போய், "பறக்கிற மாதிரி வேணும்" என்று தங்கள் வண்டியோட்டியைச் சேற்றுக்குள் ஓடிக் கை தட்டச் சொன்னார்கள். அவனும் ஓடினான். ஆயிரக்கணக்கான மைல் வந்த அலுப்பில், திரும்பிப் போவதற்கு வேண்டிய கொழுப்பைப் புழு புழுவாகப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டிருக்கிற ஜீவன்கள் அவை. இதே சதுப்பில்தான் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல்லாண்டுகளாகப் பறவைகளைப் பிடித்து, எடை பார்த்து, காலில் வளையம் மாட்டி, ஓர் இறகு கசங்காமல் பறக்கவிட்டு வந்திருக்கிறார்கள். மா. கிருஷ்ணன், தாமே பாகங்களை இணைத்து உண்டாக்கிய காமிராவைச் சுமந்துகொண்டு காடு காடாக அலைந்து, கடைசிவரை கறுப்பு வெள்ளையிலேயே படம் எடுத்தார். ஒரு மிருகத்தைப் படம் எடுப்பதற்கு அதன் போக்கைத் தெரிந்துகொண்டு காத்திருக்க வேண்டும் என்று நினைத்த தலைமுறை அது. இப்போது விசையை அழுத்தினால் நொடிக்கு இருபது படம். அந்நாள் பிலிம் சுருளின் முப்பத்தாறு படமும் இரண்டு நொடிக்குக் காணாது. காத்திருப்பதற்கு யாருக்குப் பொழுதிருக்கிறது? நான் நேரே போய் அந்தக் கோஷ்டியைக் கண்டித்தேன். கண்டித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குப் பின்னாலிருந்து கடகடவென்று நொடிக்கு இருபது வீதம் ஒரு சத்தம் கேட்டது. எழும்பிய கூட்டத்தை என் சிநேகிதர் எடுத்துக்கொண்டிருந்தார். "ஷட்டர் ஸ்பீடு என்ன வச்சீங்க?" என்று அவர்களில் ஒருவன் அவரைப் பணிவோடு கேட்டான்.

மத்தியானம் ஒரு கருடன் வந்தது. செம்மண் நிற உடம்பும் வெள்ளைத் தலையுமாக, காலில் ஒரு மீனைப் பற்றிக்கொண்டு, நீண்ட லென்ஸ் வேண்டாத அளவு தாழ்வாக, எங்களை நோக்கியே வந்தது. சிநேகிதர் காமிராவை விட்டுவிட்டு இரண்டு கைகளாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் தாயார் கற்றுக்கொடுத்த பழக்கம், ஆட்டோஃபோகஸைவிட வேகமானது. என் காமிராவோ, ஆகாயத்தைப் பிடிப்பதா கருடனைப் பிடிப்பதா என்று முன்னும் பின்னும் உருண்டு யோசித்து, கருடன் போன பிறகு ஆகாயத்தை மிகத் துல்லியமாகப் பிடித்துக் கொடுத்தது.

அன்றைய தினத்தில் சரியான தூரத்தில், சரியான வெளிச்சத்தில், இரண்டு கால்களும் தெளிவாகத் தெரியும்படி நாங்கள் எடுத்த பூநாரை ஒன்றே ஒன்று. அது வாசலருகே பலகையில் தீட்டப்பட்டிருந்தது. அதன் அருகில் நின்று படம் எடுத்துக்கொள்ள ஒரு குடும்பம் வரிசையில் இருந்தது. அவர்கள் எங்களைக் காட்டிலும் சந்தோஷமாகக் காணப்பட்டார்கள்.

திரும்பும் வழியில், சோதனைச் சாவடியருகே ஒரு வண்டி எங்களைக் கடந்து உள்ளே போக நின்றது. ஜன்னலுக்குள் வெள்ளை லென்ஸ்கள் தெரிந்தன. "ஏதாவது இருக்கா சார்?" என்றார் முன் ஆசனத்தில் இருந்தவர். என் சிநேகிதர், உப்பு பூத்த கால்சட்டையும் வெயிலில் சிவந்த மூக்குமாக, ஒரு கணமும் தயங்காமல், "நேத்து வந்திருக்கணும்" என்றார். அந்த மனிதர் எங்களை விசித்திரமாகப் பார்த்துவிட்டு, "நேத்து நாங்க இங்கேதான் சார் இருந்தோம். ஒண்ணுமே இல்ல. இன்னிக்குக் காலையில ஜோரா இருந்ததாச் சொன்னாங்க, அதான் திரும்பி வந்தோம்" என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். திருத்துறைப்பூண்டியில் ஒரு தேநீர்க் கடைக்காரராம்.

அந்தக் கடையில் வண்டியை நிறுத்தித் தேநீர் குடித்தோம். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்ன கேட்பது? கோடியக்கரைக்கு வரும் பறவைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டு வருவதாக ஆராய்ச்சியாளர்கள் பல வருஷங்களாகவே எழுதி வருகிறார்கள். அந்தக் கணக்குப்படி, நேற்று வந்திருக்க வேண்டும் என்று எவன் எந்தத் தினத்தில் சொன்னாலும், இந்தக் கரையைப் பொறுத்த மட்டில் அவன் சொல்வதில் ஏதோ ஒரு நியாயம் இருந்துதான் தீரும். வலை பின்னிய பெரியவரின் நேற்று, சந்தேகமில்லாமல் சத்தியம். அதனால் என் எரிச்சல் குறைந்ததா என்றால், இல்லை. தேநீரில் சர்க்கரை அதிகம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

கோடியக்கரையில் பூநாரையை வெகு சமீபத்தில் நின்று எடுத்த படம் கைவசம் வைத்திருக்கும் அன்பர்கள் பலர் இருப்பார்கள். அவர்கள் அதை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பாமல் இருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். எந்தத் தேதியில் எடுத்தது என்பதையும் தெரிவிக்க வேண்டியதில்லை.